ஒரே குவியல் மொச்சை, மூன்று பாத்திரம்: எதில் வண்டு விழுந்தது, ஏன்?

உசிலம்பட்டிப் பக்கம் சித்தப்பாவின் தோட்டத்து வேலியில் ஆடியில் ஊன்றிய மொச்சை தையில் பச்சைக்காயாகவும், மாசியில் நெற்றாகவும் வீடு வந்து சேர்ந்தது. மழை முன்பின்னாகப் பெய்தும் காய்ப்புக்குக் குறைவில்லை. நெற்றை அடித்துப் புடைத்தபோது கிடைத்தது ஒரே குவியல்தான். அதை மூன்று பங்காக்கினார்கள். பெரும்பங்கைச் சித்தி மூடியுள்ள பிளாஸ்டிக் பெயின்ட் வாளியில் கொட்டி, மேலே இரண்டு கை வேப்பிலை போட்டு மூடினார். இன்னொரு பங்கை அப்பத்தா தன் வழக்கப்படி செம்மண் கட்டி, அதாவது குழைத்த செம்மண்ணைப் பூசிக் காயவைத்து, மண்பானையில் அடைத்தார். மூன்றாவது பங்கு பையில் கட்டப்பட்டு மதுரையில் எங்கள் வீட்டுக்கு வந்தது.

ஆடி பிறந்து வாளியைத் திறந்தபோது மேலடுக்கு மொச்சை மாவு பூசியதுபோல் இருந்தது. கையை விட்டுக் கிளறினால் பழுப்பு நிற வண்டுகள் விரலில் ஏறின. பாதிக்கு மேல் சொத்தை. அப்பத்தாவின் பானையில் ஒரு வண்டுகூட இல்லை. எங்கள் வீட்டுப் பங்கும் முழுசாக இருந்தது.

இப்படி ஒரே கொடி, ஒரே குவியல், ஒரே நாளில் பிரித்த பங்குகள் என்று ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை. வீட்டில் வழக்கம்போல் பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. “மண்பானைதான் பானை, பிளாஸ்டிக்கில் வைத்தால் இப்படித்தான்” என்றார் அப்பத்தா. “வேப்பிலை பத்தவில்லை” என்றார் சித்தி. இரண்டும் முழுக் காரணம் இல்லை என்பது மொச்சையைச் சுளகில் கொட்டி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தபோது தெரிந்தது.

வண்டு வாளிக்குள் எப்படி வந்தது?

முதலில் எழுந்த கேள்வி இதுதான். வாளியின் மூடி இறுக்கமானது. அன்றாடச் சமையலுக்குத் தனியாகச் சின்ன டப்பா இருந்ததால் வாளியை மாசிக்குப் பிறகு திறக்கவே இல்லை. வெளியிலிருந்து வண்டு நுழைந்திருக்க வழியில்லை.

விடை மாட்டுக்கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது. விதைக்கென்று சித்தப்பா நல்ல நெற்றாகப் பார்த்து உரிக்காமல் கொத்தாகக் கட்டி விட்டத்தில் தொங்கவிட்டிருந்தார். அந்த நெற்றுகளிலும் ஓட்டின் மேல் வட்டத் துளைகள் இருந்தன. ஓட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்த மொச்சையிலும் அதே துளை, ஓட்டின் துளைக்கு நேராக. உள்ளிருந்து வெளியே வந்த வழி அது. அதாவது வண்டு கொடியிலேயே மொச்சைக்குள் குடியேறி, அறுவடையோடு சேர்ந்து வீட்டுக்கு வந்திருக்கிறது.

பயறு வண்டு என்று நாம் சொல்லும் இந்த இனம் காட்டிலேயே நெற்றின் மேல் முட்டையிடும். வீட்டுக்கு வந்தபின் உதிர்ந்த பருப்பின் மேலேயே இடும். முட்டையைப் பசை வைத்து ஒட்டிவிடுவதால் புடைத்தாலும் உதறினாலும் அது விழாது. சொத்தை மொச்சையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால், தோலின் மேல் வெள்ளைப் புள்ளி ஒன்று நன்றாகத் தெரியும். பலர் அதை உயிருள்ள முட்டை என்று நினைக்கிறார்கள். பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது காலி ஓடு. புழு வெளியே வருவதே இல்லை. முட்டையின் அடிப்பக்கமாகவே தோலைத் துளைத்து நேராகப் பருப்புக்குள் இறங்கிவிடும். துளைத்த தூள் பின்னால் ஓட்டுக்குள் நிறைவதால்தான் அந்த வெள்ளை. முட்டை வெள்ளையாகத் தெரிகிற நேரத்தில் புழு உள்ளே தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

அதன் பிறகு வெளியே எதுவும் தெரியாது. உள்ளே வளர்ந்து கூட்டுப்புழுவாகும் முன் தோலுக்கு அடியில் ஒரு வட்ட இடத்தை மட்டும் சுரண்டி மெல்லிசாக்கி வைத்துவிடும். அந்தக் கட்டத்தில் மொச்சையின் மேல் மங்கலான கண்ணாடி போன்ற ஒரு வட்டம் தெரியும். சில நாளில் வண்டு அந்த வட்டத்தை வெட்டித் திறந்துகொண்டு வெளியே வரும். நம் ஊர் வெக்கையில் முட்டையிலிருந்து வண்டாக ஏறத்தாழ ஒரு மாதம் போதும். வெளியே வந்த வண்டுக்குத் தீனியே வேண்டாம்; சில நாள்களே உயிர்வாழும் அது, அதற்குள் இணைந்து பத்துப் பத்தாக முட்டையிட்டுவிடும். மாசியில் வாளிக்குள் போன நாலைந்து புழுக்கள் ஆடிக்குள் பல தலைமுறை பெருகியதற்கு இவ்வளவுதான் கணக்கு.

மதுரை வந்த எங்கள் பங்கையும் பார்த்தேன். அதிலும் சில மொச்சைகளில் அதே வெள்ளைப் புள்ளி. கத்தியால் பிளந்தால் உள்ளே சின்னதாக ஒரு குடைவு, அதில் காய்ந்துபோன புழு. ஆக, மூன்று பங்குக்கும் வண்டு சமமாகத்தான் போயிருக்கிறது. இரண்டு இடங்களில் செத்தது, ஓர் இடத்தில் பெருகியது. பாத்திரத்தைக் குறை சொல்வதை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பாத்திரத்துக்குள் போகும் முன் மொச்சைக்கு என்ன நடந்தது என்பதில்தான் வேறுபாடு.

வாளிப் பங்கு

அந்த வாரம் வீட்டில் ஒரு கல்யாண வேலை. மொட்டைமாடியில் காயப்போட்ட மொச்சைக்கு ஒன்றிரண்டு வெயில்தான் கிடைத்தது. சாயங்காலம் இளஞ்சூடாக இருக்கும்போதே அள்ளிக் கொட்டி, மேலே அப்போதுதான் பறித்த பச்சை வேப்பிலையைப் போட்டு மூடியாயிற்று.

சூடாக மூடினால் உள்ளே வியர்க்கும். பச்சை இலையின் ஈரமும் அதோடு சேர்ந்தது. ஆடியில் திறந்தபோது இலை கறுத்து வாளிச் சுவரில் ஒட்டிக் கிடந்தது. அடி மொச்சையில் முக்கல் வாடை. ஈரம் இருக்கும் பருப்பு வண்டுக்கு வசதி, பூசணத்துக்கும் வசதி. பயறு வகைகளைச் சேமிக்க ஈரப்பதம் 10 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும் என்பது வேளாண் துறையினர் பொதுவாகச் சொல்லும் அளவு. வீட்டில் அளக்கக் கருவி கிடையாது, பல் இருக்கிறது. கடித்தால் பல் பதியாமல் டக்கென்று உடைய வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு: நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் மொச்சையோடு வறுத்து ஆறவைத்த உப்பைக் கொஞ்சம் போட்டுக் குலுக்கிவிட்டு, சிறிது நேரம் கழித்துப் பார்ப்பது. உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல், இன்னும் காயவேண்டும். ஒட்டவில்லை என்றாலும் அதோடு விட்டுவிடாமல் மேலும் ஒன்றிரண்டு வெயில் காட்டுவது நல்லது.

வேப்பிலையை நான் ஒதுக்கிப் பேசவில்லை. நிழலில் காய்ந்த வேப்பிலையோ நொச்சியிலையோ வெளியிலிருந்து வருகிற வண்டை ஓரளவு விலக்கும். ஆனால் பருப்புக்குள் உட்கார்ந்து தின்னும் புழுவை இலையின் வாடை என்ன செய்யும்? உள்ளே திருடனை வைத்துக்கொண்டு வாசலில் காவல் போட்ட வேலைதான் அது.

அப்பத்தாவின் பங்கு

அப்பத்தாவுக்கு இந்த உயிரியல் எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர் செய்தது இது. கல், வேர் இல்லாத செம்மண்ணைச் சலித்துத் தண்ணீரில் குழைத்துக்கொண்டார். மொச்சையை அதில் போட்டு ஒவ்வொன்றிலும் மண் பூசும்படி கையால் புரட்டினார். ஓர் இரவு குவித்து மூடி வைத்து, மறுநாளிலிருந்து நல்ல வெயிலில் பரப்பி, மண் வெடித்து உதிரும் அளவுக்குச் சுக்காகக் காயவிட்டார். ஆறியபின் பானையில் கொட்டி, வாயைத் துணியால் கட்டி, மேலே மண் பூசி அடைத்தார். துவரைக்கும் இதே முறைதான். செம்மண் கட்டிய துவரம்பருப்பை இன்றும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இது ஏன் பலித்தது என்று பிரித்துப் பார்த்தால், ஒரே வேலையில் மூன்று காரியம் நடக்கிறது. மண் நனைத்த பருப்பைக் காயவைக்கப் பல வெயில் வேண்டியிருப்பதால் மொச்சை இரண்டாம் முறையாக, முதல்முறையைவிட நன்றாகக் காய்கிறது. அந்த நீண்ட வெயிலில் உள்ளிருக்கும் இளம்புழுக்கள் பெரும்பாலும் சூட்டில் மடிகின்றன. தப்பித்து வெளியே வரும் ஒன்றிரண்டு வண்டும் மண் பூசிய தோலில் முட்டையைச் சரியாக ஒட்ட முடியாது. நுண்ணிய மண்துகள் அதன் உடலின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சைத் தேய்த்து, உடல் நீரை இழக்கச் செய்கிறது. பானை அடைப்பு கடைசிக் காவல்.

மூன்றில் பெரிய பங்கு வெயிலுக்கு என்பது என் கணிப்பு. அதற்கு ஆதாரம் நம் ஊரில் இல்லை, ஆப்பிரிக்காவில் இருக்கிறது. கேமரூனில் தட்டைப்பயறு விவசாயிகளுக்காக உருவாக்கிய ஒரு முறையில், தரையில் கறுப்பு பிளாஸ்டிக் தாளை விரித்து, பயற்றை மெல்லிசாகப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற தாளைப் போர்த்தி, ஓரங்களைக் கல் வைத்து அழுத்திவிடுவார்கள். உள்ளே சூடு 57 டிகிரி செல்சியஸை எட்டி ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு எல்லாமே சாகும். பங்குனி வெயிலில் மதுரைச் சீமை மொட்டைமாடிக்கு அந்தச் சூடு பெரிய காரியமில்லை. அப்பத்தாவின் செம்மண்ணுக்குச் சமமான பலனை அரைநாளில் தரக்கூடிய வழி இது. விதைக்கு எடுத்துவைக்கும் மொச்சையை மட்டும் இந்தச் சூட்டில் போட எனக்கு மனம் வராது.

மதுரைப் பங்கு

எங்கள் வீட்டில் நடந்தது சுவாரசியமே இல்லாத வேலை. பையில் வந்த மொச்சையை மறுபடி காயவைத்து, கெட்டியான பிளாஸ்டிக் பையில் காற்று வெளியேற்றிக் கட்டி, குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் ஒரு வாரம் வைத்தோம். உறைநிலை அறையின் வழக்கமான குளிர், அதாவது கழித்தல் 18 டிகிரி, சில நாள் விடாமல் இருந்தால் பயறு வண்டின் எந்தப் பருவமும் பிழைக்காது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த மொச்சையில் காற்றுப் பட்டால் மேலெல்லாம் நீர் பூக்கும். காயவைத்த பாடு வீணாகும். அறைச்சூட்டுக்கு வரும்வரை கட்டு அப்படியே இருக்க வேண்டும்.

பிறகு காலி குளிர்பான பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடினோம். இதற்கும் ஒரு தர்க்கம் உண்டு. இடைவெளி இல்லாமல் நிரப்பிய, காற்றுப் புகாத பாத்திரத்தில் பூச்சிகளே இருக்கும் பிராணவாயுவைத் தீர்த்துவிடும். அது தீர்ந்தால் தின்பதும் வளர்வதும் நிற்கும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி முர்டாக் குழுவினர் கேமரூனில் 1980களின் இறுதியில் இதை வைத்தே மூன்று உறைகள் கொண்ட சாக்கு முறையை வகுத்தார்கள். மருந்தே இல்லாமல் தட்டைப்பயற்றைக் காக்கும் அந்தச் சாக்கு பிறகு மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. சித்தியின் வாளியும் மூடியதுதானே என்று கேட்கலாம். வாளியில் முக்கால்தான் மொச்சை, மேலே காற்று. பெயின்ட் வாளி மூடி நீருக்கு இறுக்கமே தவிர, காற்றுக்கு அவ்வளவு இல்லை.

மாத்திரை வேண்டாம்

சொத்தை மொச்சையைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், “அடுத்த வருஷம் வாளியில் ஒரு மாத்திரையைப் போட்டு மூடிவிடுங்கள்” என்று சித்தியிடம் சொல்லிவிட்டுப் போனார். கிடங்குகளில் மூட்டை அடுக்குக்குப் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடைத்தான் அவர் சொல்கிறார். அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாகிறது. அந்த வாயு வண்டுக்கு எவ்வளவு விஷமோ வீட்டில் படுத்திருப்பவருக்கும் அவ்வளவு விஷம். மாற்று மருந்து கிடையாது. பயிற்சி பெற்றவர்கள் மட்டும், ஆள் புழங்காத கிடங்கில், காற்றுப் புகாமல் மூடிச் செய்ய வேண்டிய வேலை அது. படுக்கிற அறையின் மூலையில் இருக்கும் வாளிக்கு அதைப் போடுவது கொலைக்குச் சமம் என்று நான் சொன்னதில் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம். சொன்னதை மாற்றிக்கொள்ளும் எண்ணம் இல்லை.

நெற்றாகும் முன்பே

இழப்பைக் குறைக்க இன்னும் எளிய வழி கொடியிலேயே இருக்கிறது. கொடி மொச்சையும் அவரையும் பகல் குறுகும்போதுதான் பூக்கும். ஆடியில் ஊன்றினாலும் சித்திரையில் ஊன்றினாலும் பூ வருவது ஐப்பசி, கார்த்திகையில்தான். பனிக்காலத்தில் பூத்த அவரை சங்கப் பாட்டிலேயே வருகிறது. பூத்தபின் ஒரே மூச்சில் முடியாது. ஒரே கொத்தில் கீழே நெற்று, நடுவே முற்றிய காய், நுனியில் பூ என்று வாரக்கணக்கில் போகும். சித்தப்பா வீட்டில் எல்லாம் காயட்டும் என்று காத்திருந்து கடைசியில் கொடியோடு அறுத்தார்கள். முதலில் காய்ந்த நெற்றுகள் அத்தனை வாரமும் வண்டுக்கு முட்டையிடும் இடமாகத் தொங்கின. நெற்று மஞ்சள் மாறிச் சலசலக்கும்போதே வாராவாரம் பறித்து உரித்துவிட்டால் காட்டிலிருந்து வரும் முட்டை பெருமளவு குறையும். கை நோகும் வேலைதான். ஆனால் வேலியோரம் அவ்வளவு நீளமா இருக்கிறது?

எல்லாவற்றையும் நெற்றாக்கவும் தேவையில்லை. தையில் வருகிற பச்சை மொச்சையை உரித்து, கொதிக்கும் நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்து, உடனே குளிர்ந்த நீரில் ஆறவைத்து, வடித்துத் துணியில் ஈரம் போகப் பரப்பி, சிறு பைகளாக உறையவைத்தால் மாதக்கணக்கில் பச்சை வாசத்தோடு இருக்கும். வெந்நீரில் போடாமல் அப்படியே வைப்பவர்கள் சில வாரத்தில் வைக்கோல் வாடை அடிக்கிறது என்பார்கள். காயின் நொதிகள் உறைநிலையிலும் மெதுவாக வேலை செய்வதன் விளைவு அது. பிதுக்கிய பருப்பையும் இப்படி வைக்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு இருக்கும் மவுசு தெற்கே ஏனோ இல்லை. கிராமத்தில் மின்வெட்டு நீளும் வீடுகளுக்கு இந்த வழி சரிப்படாது. பாதி உருகி மறுபடி உறைந்த மொச்சை குழைந்துபோகும், கெட்டும் போகலாம்.

அவர்களுக்கு வற்றல் இருக்கிறது. அவரைக்காயைப் பருப்பு திரளும் முன் பறித்து, நார் கிள்ளி, உப்பும் மஞ்சளும் போட்ட நீரில் அரைவேக்காடாக எடுத்து, ஒடிந்தால் சத்தம் வரும்வரை காயவிட வேண்டும். பயறு வண்டு வற்றலை நாடாது. ஆனால் ஈரம் பட்டால் பூசணம் பூக்கும் என்பதால் கார்த்திகை மாதத்து மூட்டத்தில் ஒருமுறை வெயில் காட்டி எடுப்பது வழக்கம்.

வெளிநாட்டில் செய்வதுபோல் பச்சை மொச்சையைத் தண்ணீரோடு பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வைத்து எடுக்கலாமே என்று தங்கை கேட்டாள். புளிப்பில்லாத காய்க்கு அது ஆகாது. காற்றில்லாத பாட்டிலில் வளர்ந்து நஞ்சு சுரக்கும் நுண்ணுயிரின் வித்துகள் 100 டிகிரிக் கொதிப்பைத் தாங்கும். அவற்றை ஒழிக்க அழுத்தத்தில் 116 முதல் 121 டிகிரி வரை சூடேற்ற வேண்டும்; அதற்கென்று தனிப் பாத்திரம், நேரக் கணக்கு எல்லாம் உண்டு. நம் வீட்டு குக்கரில் விசில் எண்ணிச் செய்கிற வேலை இல்லை.

வாளி மொச்சை என்ன ஆனது?

தண்ணீரில் கொட்டியதும் உளுத்தது மிதந்தது, கெட்டி மொச்சை அடியில் தங்கியது. மிதந்ததும் வண்டும் கோழிக்குப் போயின. கோழிகளுக்கு அன்று விருந்து. தங்கியதைக் காயவைத்துத் திரும்பச் சேமிப்பதில் பொருளில்லை, ஏனென்றால் அதற்குள்ளும் இளம்புழு இருக்கும். அன்றே ஊறவைத்துச் சமைத்துத் தீர்த்தார்கள். காய்ந்த மொச்சையை இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, முதல் கொதி நீரையும் வடித்துவிட்டுத்தான் வேகவைக்க வேண்டும். நிறம் கறுத்த மொச்சைக்கு இது இன்னும் கட்டாயம். அதில் இயல்பாகவே இருக்கும் சயனைடு சார்ந்த நச்சு அப்போதுதான் வெளியேறும்.

விதைதான் சிக்கலானது. கொட்டகையில் தொங்கியதில் துளையில்லாததாகப் பொறுக்கி எடுத்து இந்த ஆடிக்கு ஊன்றிவிட்டார்கள். துளை விழுந்த மொச்சையிலும் முளைக்கருவைப் புழு தொடாமல் இருந்தால் முளைக்கும்தான், ஆனால் நாற்று நோஞ்சானாக வரும். அடுத்த வருட விதைக்கு அப்பத்தா சொல்வது சாம்பல்: சலித்த சாணி எருமுட்டைச் சாம்பலை மொச்சைக்குச் சமமாகக் கலந்து பானையில் போட வேண்டும், விதைக்குச் செம்மண் கூடாது. நனைத்தால் விதை விழித்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு, அது சரியும்கூட. சித்திக்குச் சாம்பலில் கைவைக்க விருப்பமில்லை. கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் புரட்டி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். எண்ணெய்ப் படலம் முட்டையை மூச்சுமுட்ட வைக்கும் என்பதால் அதுவும் செல்லுபடியாகும் முறையே. சமையல் மொச்சைக்குச் செம்மண்ணா, பிளாஸ்டிக் தாள் வெயிலா என்பது மட்டும் மாமியாருக்கும் மருமகளுக்கும் இன்னும் முடிவாகவில்லை. வாராவாரம் நெற்று பறிப்பது யார் என்ற கேள்விக்குச் சித்தப்பாவைக் கை காட்டுவதில் இருவருக்கும் ஒரே கருத்து.